கொடுக்கல் வாங்கலில் பிறந்த வேகம்

ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான் எழும்: மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போகும், பார்க்க எப்படி இருக்கும். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் அவற்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 1930-களின் நடுவிலிருந்து 1980-களின் முடிவு வரை வந்த ஜெர்மன் வண்டிகளைத் தரம் பிரிக்கப் போனால் கணக்கு உதைக்கும். வெறும் 35 குதிரைத்திறனோடு தொடங்கிய போர்ஷேவுக்கு வேக வரிசையில் இடமே கிடைக்காது. பெட்டி மாதிரி இருக்கும் பி.எம்.டபிள்யூ. எம்3 அழகுப் போட்டியின் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடும். அப்படியும் அந்த இரண்டும் இந்த மரபின் தூண்கள் என்பதில் விவரம் தெரிந்தவர்கள் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆகவே வேறொரு அளவுகோல் இங்கே வேலை செய்கிறது. ஜெர்மனியின் சிறந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் குடும்பக் காரின் வீட்டிலிருந்து எதையாவது வாங்கிக்கொண்டு கிளம்பியவை. பந்தயச் சாலையில் கற்றதை அதே வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்தவை. இந்தக் கொடுக்கல் வாங்கல் எந்த வண்டியில் முழுமையாக நடந்ததோ அந்த வண்டி நிலைத்தது. எங்கே அது அறுந்ததோ அங்கே அழகும் வேகமும் இருந்தும் வண்டி தனித்துப்போனது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

பெயர்களிலிருந்தே தொடங்கலாம். இத்தாலியர்கள் தங்கள் வண்டிகளுக்குப் பந்தய ஊர்களின் பெயரையும் காளைகளின் பெயரையும் வைத்தார்கள். ஜெர்மானியர்கள் பதிவேட்டு எண்ணை எடுத்து அப்படியே டிக்கியில் ஒட்டினார்கள். மெர்சிடிஸ் பென்ஸில் எண் என்பது எஞ்சினின் கொள்ளளவு: 300 எஸ்.எல். என்றால் 3 லிட்டர், 190 எஸ்.எல். என்றால் 1.9 லிட்டர், 230 எஸ்.எல். என்றால் 2.3 லிட்டர். அதே 300 என்ற எண் அரசு விருந்தினர்கள் ஏறும் பெரிய சலூன் காரிலும் இருந்தது. பெயரைப் பார்த்தாலே உறவு தெரிந்துவிடும். பி.எம்.டபிள்யூ. 2002 என்றால் 2 லிட்டர் எஞ்சின், இரண்டு கதவு. போர்ஷேவில் எண் என்பது வரைபட அலுவலகத்தின் வேலை வரிசை. ஃபெர்டினான்ட் போர்ஷே ஸ்டுட்கார்ட்டில் 1930-களின் தொடக்கத்தில் வடிவமைப்பு அலுவலகம் திறந்தபோது முதல் வேலைக்கே 7 என்று எண் போட்டார். புதுக் கடை என்று யாரும் நினைத்துவிடக் கூடாதல்லவா! அந்த வரிசையில் 60 என்ற எண் பெற்றது பிற்காலத்தில் பீட்டில் என்று உலகம் அழைத்த ஃபோக்ஸ்வாகன். 356 என்ற எண் பெற்றது போர்ஷே என்ற பெயரிலேயே விற்பனைக்கு வந்த முதல் கார். மக்கள் காரும் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே பதிவேட்டின் பக்கங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

காலத்தால் மூத்த சான்று பி.எம்.டபிள்யூ. 328. ஐசனாக் ஆலையில் உருவான இந்த வண்டி 1936 ஜூன் 14 அன்று நியூர்பர்க்ரிங்கில் நடந்த ஐஃபல் பந்தயத்தில் முதன்முறை ஓடியது. எர்ன்ஸ்ட் ஹென்னே தன் பிரிவில் வென்றார். இதன் எஞ்சினின் அடித்தளம் 326 என்ற சலூன் காருடையது: ஆறு சிலிண்டர், 1,971 சி.சி., அங்கே 50 குதிரைத்திறன். திறனைக் கூட்ட அரைக்கோள வடிவ எரிப்பறை வேண்டும். அதற்கு வால்வுகள் இரண்டு பக்கமாகச் சரிந்து நிற்க வேண்டும். வழக்கமான தீர்வு, கேம் ஷாஃப்டை எஞ்சினின் தலைக்கு மேலே ஏற்றுவது. அப்படிச் செய்தால் சலூனின் பிளாக் உதவாது; புதிதாக வார்க்க வேண்டும். ஐசனாக் பொறியாளர்கள் கேம் ஷாஃப்டை இருந்த இடத்திலேயே விட்டார்கள். ஒரு பக்க வால்வுகளை நேரான தள்ளுதண்டுகள் இயக்கின. மறுபக்க வால்வுகளுக்காகத் தலையின் குறுக்கே படுக்கைவாக்கில் இன்னொரு வரிசைத் தள்ளுதண்டுகளை ஓடவிட்டார்கள். மேலே மூன்று கார்புரேட்டர்கள். பிளாக் அதேதான், திறன் 80 ஆனது. மொத்தம் 464 வண்டிகளே கட்டப்பட்டன. ஆனால் போருக்குப் பின் இந்த எஞ்சின் இங்கிலாந்து போய் பிரிஸ்டல், ஃப்ரேசர் நாஷ், ஏ.சி. வண்டிகளில் 1960-கள் வரை ஓடியது.

இந்த இடத்தில் ஒரு கசப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1930-களின் ஜெர்மன் பந்தய வெற்றிகள் நாஜி அரசின் விளம்பரத்துக்குப் பயன்பட்டன. மெர்சிடிஸ், ஆட்டோ யூனியன் ஆகியவற்றின் வெள்ளி நிற கிராண்ட் பிரீ வண்டிகளுக்கு அரசுப் பணம் பாய்ந்தது. 328 வென்ற 1940 மில்லே மிலியா பந்தயத்தில் அதை ஓட்டிய ஹுஷ்கே ஃபான் ஹான்ஸ்டைன் நாஜிகளின் எஸ்.எஸ். படைச் சின்னம் பொறித்த உடையில் இருந்தார். ஃபோக்ஸ்வாகன் ஆலையில் போர்க்காலத்தில் கட்டாய உழைப்பாளிகள் வதைபட்டார்கள். இந்த மரபைப் புகழ்பவர் இதை மறைத்துவிட்டுப் புகழ முடியாது. இதனோடு இன்னொன்றும் கவனிக்கத் தக்கது: அரசுப் பணத்தில் வளர்ந்த அந்தப் பிரம்மாண்ட கிராண்ட் பிரீ வண்டிகளிலிருந்து சாலைக்கு வந்த ஸ்போர்ட்ஸ் கார் எதுவும் இல்லை. சலூன் பிளாக்கிலிருந்து கிளம்பிய 328-க்குத்தான் வாரிசுகள் இருந்தார்கள்.

மெர்சிடிஸ் பாணிக்கு வருவோம். போர் முடிந்து சில ஆண்டுகளே ஆன நிலையில், பந்தயத்துக்குத் திரும்ப நினைத்த ஸ்டுட்கார்ட் ஆலையிடம் புது எஞ்சின் வடிவமைக்க வசதி இல்லை. கையில் இருந்தது 1951-இல் வந்த 300 சலூனின் எஞ்சின்: 3 லிட்டர், ஆறு சிலிண்டர், 115 குதிரைத்திறன், கனத்த வார்ப்பிரும்பு. பொறியாளர் ருடால்ஃப் ஊலன்ஹவுட் அதையே எடுத்துக்கொண்டு, எடையை மற்ற இடங்களில் குறைத்தார். மெல்லிய குழாய்களை முக்கோணங்களாகப் பற்றவைத்த சட்டகம் ஒன்று உருவானது. அந்தச் சட்டகம் பக்கவாட்டில் உயரமாக இருந்ததால் சாதாரணக் கதவு வைக்க இடமில்லை. கூரையில் கீல் வைத்து மேல்நோக்கித் திறந்தார்கள். இறக்கை விரித்த பறவை என்று பிற்காலம் கொண்டாடிய அந்தக் கதவு, அலங்காரமாகத் தொடங்கவில்லை. சட்டகம் விட்ட இடத்தில் ஆள் ஏறுவதற்கான ஏற்பாடு அது. 1952-இல் 300 எஸ்.எல். என்ற அந்தப் பந்தய வண்டி லெ மான்ஸையும் மெக்சிகோவின் கரேரா பனாமெரிகானாவையும் வென்றது. அமெரிக்க இறக்குமதியாளர் மாக்ஸ் ஹாஃப்மன் வற்புறுத்தியதன் விளைவாகச் சாலை வண்டி 1954 பிப்ரவரியில் நியூயார்க் கண்காட்சியில் நின்றது. பானெட் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதற்காக எஞ்சினைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். கார்புரேட்டர் போய், பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் பாஷ் பம்ப் வந்தது. திறன் 215 ஆனது. 1957 வரை 1,400 கூபேக்கள், அதன் பின் 1963 வரை 1,858 ரோட்ஸ்டர்கள்.

அந்தப் பம்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. அது எஞ்சினோடு இயந்திரத் தொடர்பில் சுழல்வது. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் எஞ்சின் ஓய்ந்து நிற்கும் வரை அது பெட்ரோலை அனுப்பிக்கொண்டே இருக்கும். எரியாத அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். நீண்ட தூரம் ஓடிச் சூடேறினால் அது ஆவியாகிப் போய்விடும். கடைத்தெருவுக்குப் போய்வரும் வண்டியில் ஆயில் நீர்த்துப்போகும். ஆக, 300 எஸ்.எல். குறையில்லாத படைப்பு அல்ல. அதன் பின்புற ஆக்சிலும் வளைவுகளில் ஓட்டுநரைப் பயமுறுத்தக் கூடியதே. ஆனாலும் அது கற்றுத் தந்தது வீடு திரும்பியது. 1955-இல் 300 எஸ்.சி., 1957-இல் 300 டி சலூன், 1958-இல் 220 எஸ்.இ. என்று பெட்ரோல் பீய்ச்சும் முறை, சற்றே உருமாறி, மெர்சிடிஸின் சாதாரண வரிசைக்குள் இறங்கியது. 1963-இல் வந்த 230 எஸ்.எல். எதிர்த்திசையில் பயணம் செய்த வண்டி. சலூனின் தளத்தைக் குறுக்கி எடுத்துக்கொண்டதோடு, பொறியாளர் பேலா பாரென்யி வகுத்த பாதுகாப்புக் கொள்கையையும் வாங்கிக்கொண்டது: மோதலில் முன்னும் பின்னும் நசுங்க வேண்டும், பயணி அமரும் கூடு மட்டும் நசுங்கக் கூடாது. நடுவில் குழிந்த அதன் கூரை பகோடா என்ற செல்லப்பெயரை வாங்கித் தந்தது. அந்தக் குழிவால்தான் பக்கக் கண்ணாடிகள் உயர்ந்து, ஏறி இறங்க வசதியானது. சொகுசு வண்டி என்று ஒதுக்கியவர்களுக்குப் பதில் சொல்வதுபோல, அதே ஆண்டு ஸ்பா–சோஃபியா–லியேஜ் நெடுந்தூரப் பந்தயத்தை ஓய்கன் போரிங்கர் இந்த வண்டியில் வென்றார்.

போர்ஷேவின் வழி வேறு. அவர்களிடம் சலூனே கிடையாது. ஆகவே அடுத்த வீட்டில் வாங்கினார்கள். 1948-இல் ஆஸ்திரியாவின் க்மூண்ட் ஊரில், மரம் அறுக்கும் பட்டறையாக இருந்த இடத்தில், ஃபெர்டினான்டின் மகன் ஃபெரி போர்ஷே முதல் 356-ஐ உருவாக்கினார். எஞ்சின் பீட்டிலுடையது, 1,131 சி.சி. உதிரிப் பாகங்களும் பெரும்பாலும் அங்கிருந்தே வந்தன. வண்டி இலேசாக, காற்றை எளிதாகக் கிழிக்கும் உடலோடு இருந்ததால் அந்தச் சிறிய எஞ்சினே போதுமானதாக இருந்தது. 1951-இல் லெ மான்ஸில் 1,100 சி.சி. பிரிவை அது வென்றது. 1965 வரை 76 ஆயிரத்துக்கும் மேற்பட்ட 356-கள் விற்றன. இந்த வரவுக்கு எதிராகச் செலவுப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், கியர் மாற்றும்போது பற்கள் உரசாமல் இணையச் செய்யும் போர்ஷேவின் சிங்க்ரோனைசர் நிற்கிறது. உரிமத்தின் பேரில் அது பல நாட்டுக் கார்களின் கியர் பெட்டிக்குள் நுழைந்தது.

1963 ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் நின்று, நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்க எண் தங்களுடையது என்று பெஜோ நிறுவனம் ஆட்சேபித்ததால் 911 ஆன வண்டி, இந்த வாதத்துக்குக் கடினமான சோதனை. அதன் ஆறு சிலிண்டர் எஞ்சின், 1,991 சி.சி., 130 குதிரைத்திறன், எந்தக் குடும்பக் காரிடமிருந்தும் வாங்கியதல்ல. வாங்கியது எஞ்சின் இருக்கும் இடத்தை. பீட்டிலைப் போலவே பின்சக்கரங்களுக்கும் பின்னால் எஞ்சினைத் தொங்கவிட்ட அமைப்பு, கூடவே ஒரு குறையையும் கொண்டுவந்தது: வளைவில் வேகத்தைச் சட்டென்று குறைத்தால் வால் வீசும். தொடக்கத்தில் முன் பம்பருக்குள் வார்ப்பிரும்புக் கட்டிகளை வைத்து எடையைச் சமன்செய்து பார்த்தார்கள். பிறகு 1969 மாடலுக்காகச் சக்கர இடைவெளியை 57 மில்லிமீட்டர் நீட்டினார்கள். 1972-இல் வந்த கரேரா ஆர்.எஸ். 2.7-இல் வாத்து வால் போன்ற ஒரு தகடு பின்புறம் மேலே தூக்குவதைக் குறைத்தது. தகரத்தையும் கண்ணாடியையும் மெலிதாக்கி, பின் இருக்கையையும் கடிகாரத்தையும் கழற்றி, கதவு இழுக்கத் தோல் பட்டை வைத்து எடையைக் குறைத்த அந்த வண்டி, பந்தய விதிக்காக 500 மட்டுமே தேவைப்பட்டும், 1,580 விற்றது. பிடிவாதம் என்று இதைப் பழிப்பவர்கள் உண்டு. இடத்தை மாற்றியிருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்குமே என்பது அவர்கள் கேள்வி. போர்ஷேவே அப்படி நினைத்துத்தான் 1977-இல் முன்புற வி8 எஞ்சினோடு 928-ஐக் கொண்டுவந்தது; அது ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் பட்டத்தையும் வாங்கியது. ஆனால் வாங்குகிறவர்கள் 911-ஐ விடவில்லை. 1981-இல் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பேற்ற பீட்டர் ஷூட்ஸ் 911-ஐ நிறுத்தும் திட்டத்தைக் கைவிட்டார். ஒரு குறையை ஆண்டுதோறும் திருத்தித் திருத்தி வளர்த்த அறிவு, வேறு வண்டிக்கு மாற்றிக் கொடுக்க முடியாத சொத்தாகியிருந்தது. ஆனால் போர்ஷேவின் பொறியியல் அறிவுக்கு வெளியிலும் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்: 1990-களில் மெர்சிடிஸ் 500 இ என்ற வேகமான சலூன் உருவாகப் போர்ஷேவின் பொறியாளர்களும் ஸுஃபன்ஹவுசன் ஆலையும் கைகொடுத்தன.

பி.எம்.டபிள்யூ.வின் மியூனிக் பாணியில் பாடம் எதிர்மறையாகத் தொடங்குகிறது. ஆல்பிரெக்ட் கோர்ட்ஸ் வரைந்த 507, ஜெர்மனி கண்ட மிக அழகிய திறந்த கார் என்று சொன்னால் மறுப்பவர்கள் குறைவு. எஞ்சின் 502 சலூனின் 3.2 லிட்டர் வி8. வாங்கல் நடந்திருக்கிறது, பிறகு ஏன் 1956-க்கும் 1959-க்கும் இடையில் 250 சொச்சம் வண்டிகளோடு நின்றுபோனது? அலுமினியத் தகட்டைக் கையால் தட்டித் தட்டி உருவாக்கிய உடல் அது. ஒரு 507-க்குச் செய்த கூரையை இன்னொரு 507-இல் மாட்டினால் பெரும்பாலும் பொருந்தாது. விலை ஏறிக்கொண்டே போனது, விற்ற ஒவ்வொரு வண்டியும் நட்டம், 1959-இல் ஆலையே கைமாறும் நிலைக்கு வந்தது. ஆலையின் மற்ற வண்டிகளுக்கு அது எதையும் தரவில்லை, தரவும் முடியவில்லை. அதே ஆலை மீண்டது சின்ன சலூன்களால். 1968-இன் 2002 அவற்றில் ஒன்று. 1973-இல் அதே பெட்டிக்குள் டர்போ வைத்து 170 குதிரைத்திறன் ஆக்கினார்கள், எண்ணெய் நெருக்கடி அதை 1,672-இல் நிறுத்தியது. 1978-இன் எம்1 மறுபடியும் தனிமரம்: கியூஜாரோவின் வடிவம், லம்போர்கினியோடு போட்டு முறிந்த ஒப்பந்தம், பல ஊர்களில் துண்டு துண்டாகக் கட்டுமானம், 450 வண்டி அளவில் முடிவு. ஆனால் அதன் 24 வால்வு எஞ்சின் சாகவில்லை. 1985-இல் அது எம்5 சலூனின் பானெட்டுக்கு அடியில் வந்து உட்கார்ந்தது. பொறியாளர் பால் ரோஷே அதே எஞ்சினின் தலையை நான்கு சிலிண்டருக்குச் சுருக்கி எம்3-இன் 2.3 லிட்டர் எஞ்சினைச் செய்தார். ஓராண்டில் 5,000 கட்ட வேண்டும் என்ற பந்தய விதி எம்3-ஐக் குடும்பக் காரின் உற்பத்தி வரிசையிலேயே கட்டிப்போட்டது. 1987-இல் ராபர்ட்டோ ரவாலியா அதில் உலக டூரிங் கார் பட்டம் வென்றார்.

பெரிய வீடுகளுக்கு வெளியிலும் இதே இலக்கணம்தான். ஃபோக்ஸ்வாகன் கார்மன் கியா பீட்டிலின் அடித்தளத்தில் நின்றது, ஓப்பல் ஜி.டி. கடெட்டின் அடித்தளத்தில் நின்று 1968 முதல் 1973 வரை ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. சுவருக்கு அந்தப் பக்கம், பொதுவுடைமைக் கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், பந்தய வீரர் ஹைன்ஸ் மெல்குஸ் வார்ட்பர்க் 353 குடும்பக் காரின் மூன்று சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சினை எடுத்து, இறக்கைக் கதவுகள் வைத்த ஆர்.எஸ். 1000 என்ற வண்டியைக் கட்டினார். பத்தாண்டில் 101 வண்டிகள். ஆட்சி மாறினாலும் சந்தை இல்லாவிட்டாலும் வழிமுறை மாறவில்லை. இங்கோல்ஷ்டாட்டின் ஆடி குவாட்ரோ இந்தக் கணக்கை நிறைவாக முடித்த வண்டி. 1977-இல் ஃபின்லாந்துப் பனியில் சோதனைக்குப் போன பொறியாளர் யோர்க் பென்சிங்கர், திறன் குறைந்த இல்டிஸ் ராணுவ வாகனம் நான்கு சக்கர இழுவையால் மற்ற கார்களை மிஞ்சுவதைக் கண்டார். 1980 ஜெனீவாவில் ஐந்து சிலிண்டர் டர்போவும் 200 குதிரைத்திறனும் கொண்ட குவாட்ரோ வந்தது. 1982-லும் 1984-லும் உலக ராலி நிறுவனப் பட்டம் அதற்கு. அதற்குள்ளேயே ஆடி 80 சலூனிலும் அதே நான்கு சக்கர இழுவை கிடைக்கத் தொடங்கிவிட்டது.

இனி ஆட்சேபங்கள். மோரிஸ் பாகங்களில் பிறந்த எம்.ஜி., சலூனும் ஸ்பைடரும் ஒரே குடும்பமான ஆல்ஃபா ரோமியோ இவையெல்லாம் இதையேதானே செய்தன என்று ஒருவர் கேட்கலாம். செய்தன. வாங்குவது எல்லா நாட்டிலும் உண்டு; மலிவு வண்டி கட்ட அதுவே வழி. ஜெர்மனியில் விலைப்பட்டியலின் உச்சியில் இருந்த வண்டியும் வாங்கியது, அடியில் இருந்த வண்டிக்கும் திருப்பியது என்பதே வேறுபாடு. இரண்டாவது ஆட்சேபம், போர்ஷேவின் 550 ஸ்பைடரும் 917-உம் எந்தக் குடும்பக் காருக்கும் உறவில்லாத பந்தயக் கருவிகள் என்பது. உண்மைதான், ஆனால் 550-இன் நான்கு கேம் ஷாஃப்ட் எஞ்சின் 356 கரேராவுக்கு வந்தது. அமெரிக்கப் பந்தயத்துக்காக 917-இல் பழகிய டர்போ நுட்பம் 1974-இல் 911 டர்போவாகச் சாலைக்கு வந்தது. மூன்றாவது, ரசிகர்களிடமிருந்தே வருவது: 924-இல் இருப்பது வேனுக்கும் போட்ட எஞ்சின், அது எப்படிப் போர்ஷே ஆகும்? பீட்டில் எஞ்சினோடு வந்த 356-ஐக் கும்பிடுகிறவர் இந்தக் கேள்வியைக் கேட்கத் தகுதியில்லாதவர். ஃபோக்ஸ்வாகனுக்காக வரைந்து, அவர்கள் கைவிட்ட பின் போர்ஷே திரும்ப வாங்கி, 1976 முதல் ஒரு லட்சத்துக்கும் மேல் விற்ற 924, அந்த வீட்டின் பழைய வழக்கத்துக்கு மிக நெருக்கமான பிள்ளை.

இந்த அளவுகோல் சில வண்டிகளைக் கீழே இறக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 507 இறங்கும். 2022-இல் 13.5 கோடி யூரோவுக்கு ஏலம்போன 300 எஸ்.எல்.ஆர். கூபேயும் இறங்கும்; கட்டியதே இரண்டு, 1955 லெ மான்ஸ் விபத்தில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்த ஆண்டின் முடிவில் மெர்சிடிஸ் பந்தயத்தை விட்டே விலக, அது எங்கும் போய்ச் சேரவில்லை. அழகுக்கும் அபூர்வத்துக்கும் ஏலக்காரர்கள் தனியாக விலை போட்டுக்கொள்ளட்டும். அது வேறு வியாபாரம். ஒரு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரின் தரத்தை நிர்ணயிக்க விரும்புகிறவர் கேட்க வேண்டியது இரண்டு: பிறக்கும்போது எந்தச் சாதாரணக் காரின் உடைமையோடு பிறந்தது, அது வந்து ஐந்தாறு ஆண்டு கழித்து அதே ஊரின் சாதாரணக் கார் எந்த வகையில் மாறியிருந்தது. இரண்டுக்கும் நல்ல பதில் வைத்திருக்கும் 300 எஸ்.எல்.-உம் குவாட்ரோவும் முதல் வரிசையில் நிற்கின்றன. முதல் கேள்விக்கு மட்டும் பதில் வைத்திருக்கும் 507 இரண்டாம் வரிசைக்குத்தான் தகுதி பெறும், எத்தனை அழகாக இருந்தாலும்.